ஒரு முகவரி மாறினால் எத்தனை கோப்புகளைத் திருத்துவது?

கட்டற்ற மென்பொருள் உலகத்தில் அதிகமாகக் காப்பி செய்யப்பட்ட தபால் முகவரி எதுன்னு யாராவது கேட்டா, என் யூகம் இதுதான்: 59 டெம்பிள் பிளேஸ், சூட் 330, பாஸ்டன். அங்கே குடியிருந்த அலுவலகம் 2005-லேயே காலி செய்துகொண்டு போய்விட்டது. ஆனால் முகவரி மட்டும் எத்தனையோ நிரல் கோப்புகளின் தலையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தப்பான முகவரிதானே, திருத்திட்டாப் போச்சு என்று தோன்றும். ஒரு கோப்பு என்றால் சரி. பத்தாயிரம் கோப்புகள், அவற்றை நூற்றுக்கணக்கான பேர் தனித்தனியாகப் பராமரிக்கிறார்கள், எல்லாரும் அதே கோப்புகளில் அன்றாடம் வேறு வேலையும் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றால்? தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாத திருத்தம் ஆயிரக்கணக்கில் வரும்போது ஒரு திட்டம் என்ன செய்ய வேண்டும்? திறமூல உலகம் இந்தக் கேள்வியோடு இருபது முப்பது வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறது. அந்தக் கதையை இந்த ஒரு முகவரியை வைத்தே சொல்லிவிடலாம்.

முகவரி எப்படி நிரலுக்குள் வந்தது?

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் தொடங்கிய அமைப்பு, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. இதன் பொது உரிமம், அதாவது ஜிபிஎல், 1989-ல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1991 ஜூனில். உரிமத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு உண்டு: இந்த உரிமத்தை உங்கள் நிரலுக்கு எப்படிப் பொருத்துவது என்று சொல்லித் தருவது. ஒவ்வொரு கோப்பின் ஆரம்பத்திலும் ஒரு அறிவிப்பை ஒட்டச் சொல்கிறது அது. முதல் பத்தி, இதை நீங்கள் பகிரலாம், மாற்றலாம் என்கிறது. இரண்டாவது பத்தி, உத்தரவாதம் ஏதும் இல்லை என்கிறது. மூன்றாவது பத்தி, உரிமத்தின் நகல் இதோடு வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றால் இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்கிறது.

இன்றைக்கு வேடிக்கையாக இருக்கும். அன்றைக்கு அது நடைமுறை. 1991-ல் வலை என்பது அப்போதுதான் வெளியுலகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மென்பொருள் காந்த நாடாவில் வரும், இல்லையென்றால் பல்கலைக்கழகக் கணினிகளிலிருந்து எஃப்டிபி வழியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அறக்கட்டளையே நாடாக்களை விற்றுத்தான் காலத்தை ஓட்டியது. கை மாறிக் கை மாறி வந்த நாடாவில் உரிமக் கோப்பு விட்டுப்போயிருந்தால், கடிதம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். நம்ம ஊர்ப் பழைய புத்தகங்களில் 'கிடைக்குமிடம்' என்று ஒரு விலாசம் போடுவார்களே, அதே சங்கதி. ஒரே வித்தியாசம், புத்தகத்தில் அது ஒரு பக்கத்தில் இருக்கும். இங்கே ஒவ்வொரு கோப்பிலும் இருக்கிறது.

1991-ல் போட்ட முகவரி, கேம்பிரிட்ஜ் ஊரில் 675 மாஸ் அவென்யூ. தொண்ணூறுகளின் நடுவில் அலுவலகம் பாஸ்டன் டெம்பிள் பிளேசுக்கு மாறியது. 2005-ல் 51 ஃபிராங்க்ளின் தெரு, ஐந்தாம் மாடி. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும், அதற்கு முன் உலகம் முழுக்க எழுதப்பட்ட ஜிபிஎல் கோப்புகளில் எல்லாம் விலாசம் தப்பாகிவிட்டது. புதுசா எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பழைய கோப்பிலிருந்துதான் அறிவிப்பைக் காப்பி அடிப்பார்கள். அதனால் காலாவதியான முகவரி புதுக் கோப்புகளிலும் பிறந்துகொண்டே இருந்தது.

2007 ஜூன் 29-ல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அறக்கட்டளைக்கே புத்தி வந்திருந்தது. தபால் முகவரியை எடுத்துவிட்டு இணைய முகவரி போட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது 'எச்டிடிபி' என்று ஆரம்பித்தது. பிற்பாடு உலகமே 'எச்டிடிபிஎஸ்' பக்கம் போனதும், அந்த ஒரு எழுத்தைச் சேர்க்கும் திருத்தங்கள் புறப்பட்டன!

கருவிகள் கண்டுபிடித்த 'பிழை'

மனிதக் கண்ணுக்கு இந்த முகவரி என்றைக்குமே உறுத்தியதில்லை. கோப்பைத் திறந்தால் முதல் பதினைந்து வரியை யாரும் படிப்பதில்லை. கருவிகள் படிக்கும்.

டெபியனில் லின்டியன் என்று ஒரு சோதனைக் கருவி உண்டு. பொதியின் பதிப்புரிமைக் கோப்பில் பழைய முகவரி இருந்தால் அது புகார் சொல்லும். ஃபெடோரா பக்கம் ஆர்பிஎம்லின்ட். அது இன்னும் கறார், தப்பு முகவரியை வெறும் எச்சரிக்கை என்று விடாமல் 'பிழை' என்ற வகையிலேயே சேர்த்தது. பொதி தயாரிக்கிறவர் கருவியை ஓட்டுவார், திரை நிறைய அதே பிழை வரிசையாக வந்து விழும்.

சரி, அவரே திருத்திவிடலாமா? கூடாது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் முதல் பிரிவே, உரிமத்தைச் சுட்டும் அறிவிப்புகளை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்கிறது. அடுத்தவர் எழுதிய கோப்பில் உரிம அறிவிப்பைத் தொடுவது சட்டச் சிக்கல். அதனால் ஃபெடோரா தன் பொதியாளர்களுக்குச் சொன்ன வழி: நீங்கள் கை வைக்காதீர்கள், மூல ஆசிரியருக்குத் தகவல் சொல்லுங்கள்.

இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. கருவி பொதியாளரிடம் சொல்கிறது. அவர் மூலத் திட்டத்தில் புகார் பதிகிறார். அங்கே ஒருத்தர் பேட்ச் எழுதுகிறார். இன்னொருத்தர் அதைப் படித்துப் பார்த்துச் சேர்க்கிறார். பிறகு புதுப் பதிப்பு வெளியிட வேண்டும், அதைப் பொதியாளர் மறுபடி எடுத்துக் கட்ட வேண்டும். இவ்வளவும் எதற்கு? யாரும் எழுதப்போகாத ஒரு கடிதம் சரியான வாசலுக்குப் போய்ச் சேர்வதற்கு.

ஒரு வரியின் விலை

'சும்மா ஒரு வரிதானே' என்று சொல்கிறவர்களுக்கும் மெயின்டெய்னர்களுக்கும் நடக்கும் சண்டை திறமூலத்தில் பழசு. பேட்ச் அனுப்புகிறவர் தன் ஒரு வரியைப் பார்க்கிறார். வாங்குகிறவர் வரிசையில் நிற்கும் எல்லாவற்றையும் பார்க்கிறார். வாங்குகிறவர் பக்கத்துச் செலவு என்னென்ன என்று பிரித்துப் பார்த்தால் நாலு வகை தேறும்.

முதல் செலவு, படிப்பது. ஒரே மாதிரி மாற்றம் இருநூறு இடத்தில் வந்தால் கண் வழுக்கிக்கொண்டு போகும். இருநூற்று ஓராவது இடத்தில் தவறுதலாக ஒரு எழுத்து மாறியிருந்தால் பிடிபடாது. வெறும் துப்புரவு என்று வந்த பேட்ச் ஓடிக்கொண்டிருந்த நிரலை உடைத்த கதைகள் எல்லாத் திட்டத்திலும் உண்டு.

இரண்டாவது, மோதல். ஒருத்தர் மூன்று மாதமாக ஒரு டிரைவரைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்குள் இன்னொருத்தர் அதே கோப்பில் வரிக் கடைசி இடைவெளிகளை எல்லாம் துடைத்துப் போட்டால், முதலாமவருடைய பேட்ச் எதுவும் பொருந்தாது. துடைத்தவருக்கு அரை நிமிஷ வேலை, மற்றவருக்கு அரை நாள்.

மூன்றாவது, பழைய பதிப்புகள். லினக்ஸ் மாதிரி திட்டங்களில் புதுப் பதிப்பில் சரிசெய்த பாதுகாப்புக் கோளாறைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோக வேண்டும். ஒரு பேட்ச் பொருந்த வேண்டுமென்றால், மாறும் வரியின் மேலும் கீழும் உள்ள வரிகளும் ஒத்துப்போக வேண்டும். நடுவில் அழகுக்காகச் செய்த மாற்றம் இருந்தால் ஒத்துப்போகாது, கையால்தான் பொருத்த வேண்டும்.

நான்காவது, வரலாறு. ஒரு வரி ஏன் இப்படி எழுதப்பட்டது என்று தெரிய 'கிட் பிளேம்' கட்டளையைப் போட்டுப் பார்ப்போம். கடைசியாக அந்த வரியைத் தொட்டவர் பெயரை அது சொல்லும். இடைவெளி திருத்தினவர் பெயர் வந்து நின்றால், உண்மையான காரணம் அதற்குப் பின்னால் மறைந்துபோகும்.

கெர்னல் பட்ட பாடு

லினக்ஸ் கெர்னல் இந்தத் தொல்லையை ரொம்ப நாள் அனுபவித்தது. முதலில் ஒரு தனி வாசல் வைத்துப் பார்த்தார்கள். எழுத்துப்பிழை, குறிப்புரைத் திருத்தம் மாதிரி அற்ப சொற்ப பேட்ச்களை மட்டும் வாங்கிச் சேர்த்து மொத்தமாக மேலே அனுப்ப ஒருவர் இருப்பார். ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிவைத்த ஏற்பாடு அது, பிறகு பல கைகள் மாறியது. 'கெர்னல் ஜானிட்டர்ஸ்' என்று ஒரு குழுவும் இருந்தது. துப்புரவுப் பணியாளர் என்று தாங்களே வைத்துக்கொண்ட பெயர்.

2007-ல் செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் கெர்னலுக்குள்ளேயே வந்தது. நோக்கம் நல்லது: புதிதாகப் பேட்ச் அனுப்புகிறவர், அனுப்பும் முன்பே தன் நடையைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அதை ஏற்கெனவே இருக்கிற கோப்புகள் மேலும் ஓட்டலாம். ஓட்டினால் ஒவ்வொரு கோப்பிலும் புகார் கொட்டும். கெர்னலில் தன் பெயர் வரணும் என்று ஆசைப்படுகிற ஆளுக்கு இதைவிட எளிய வழி ஏது? கருவி காட்டிய இடத்தில் திருத்து, அனுப்பு. திருத்தம் சரிதானா என்று கேட்டால் சரிதான். தேவையா என்று கேட்டால்தான் பதில் இல்லை.

2008-ல் ஜொனாதன் கார்பெட் எழுதிய வளர்ச்சி வழிகாட்டி இதை வெளிப்படையாகவே சொன்னது. வெறும் நடைத் திருத்தங்களைச் சமூகம் இரைச்சலாகத்தான் பார்க்கும், நல்ல வரவேற்பு இருக்காது. வேறு வேலைக்காக ஒரு இடத்தைத் தொடும்போது கூடவே நடையையும் சரிசெய்வது இயல்பு, அதற்காகவே தனியாகக் கிளம்ப வேண்டாம் என்பது அதன் சாரம்.

ஆனால் கதவை அப்படியே சாத்திவிடவும் முடியாது. இன்றைக்கு இடைவெளி திருத்துகிற ஆள்தான் ஐந்து வருஷம் கழித்து ஒரு டிரைவரைப் பொறுப்பேற்று நடத்துவார். பேட்ச் எப்படி அனுப்புவது, விமர்சனம் வந்தால் எப்படித் திருத்துவது, மறுபடி எப்படி அனுப்புவது, இதெல்லாம் பழக அவருக்கு ஓர் இடம் வேண்டும். அதே 2008-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் நடத்திய ஸ்டேஜிங் பிரிவு கெர்னலுக்குள் வந்தது. இன்னும் தரம் தேறாத டிரைவர்களை வைக்கும் திண்ணை அது. அங்கே நடைத் திருத்தம்தான் வேலையே. அழுக்கு உள்ள இடத்தையும் துடைக்க ஆசைப்படுகிறவர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். 2010 ஃபாஸ்டெம் மாநாட்டில் முதல் பேட்ச் எழுதுவது எப்படி என்று கிரெக்கே வகுப்பு எடுத்தார். வெளியே இரைச்சலாகப்பட்ட அதே பேட்ச், ஸ்டேஜிங்கில் பயிற்சி. இடம் மாறினதும் மதிப்பும் மாறிவிட்டது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

நம்ம முகவரிக்கு வருவோம். 2013-ல் செக்பேட்ச் அதையும் கவனிக்க ஆரம்பித்தது. ஆனால் ஆர்பிஎம்லின்ட் மாதிரி 'முகவரி தப்பு, சரியானதைப் போடு' என்று சொல்லவில்லை. முகவரிப் பத்தியையே சேர்க்காதே என்றது. அறக்கட்டளை முன்பும் வீடு மாறியிருக்கிறது, இனியும் மாறலாம், உரிமத்தின் நகல்தான் கெர்னலோடு வருகிறதே என்பது காரணம். தப்பைத் திருத்துவதற்கும் தப்பு வரும் இடத்தை ஒழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. திருத்தினால் அடுத்த முறை வீடு மாறும்போது மறுபடி திருத்தணும். எடுத்துவிட்டால் ஒரு முறையோடு முடிந்தது.

ஒரே வரிக் குறியீடு

எடுத்துவிடணும் சரி, அந்தப் பதினைந்து வரிக்குப் பதில் என்ன வைப்பது? அதற்கான விடை வேறொரு பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவில் 2010 வாக்கில் எஸ்பிடிஎக்ஸ் என்ற முயற்சி தொடங்கியது. ஒரு பொருளுக்குள் எந்தெந்த உரிமத்தில் மென்பொருள் இருக்கிறது என்று நிறுவனங்கள் பட்டியல் போட ஒரு பொது வடிவம் வேண்டும். அதில் ஒவ்வொரு உரிமத்துக்கும் ஒரு குறுகிய பெயர். அந்தப் பெயரை ஒரு வரியாகக் கோப்பின் தலையில் எழுதிவிட்டால் போதும். யூ-பூட் திட்டம் 2013-லேயே வோல்ஃப்காங் டெங்க் கையால் இந்த மாற்றத்தைச் செய்துவிட்டது.

கெர்னல் அளவில் இது வேறு மாதிரி வேலை. 4.13 பதிப்பில் ஆய்வுக்கு எடுத்த கோப்புகள் மட்டும் 60,537. அவற்றில் பல்லாயிரம் கோப்புகளில் உரிமம் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. கேட் ஸ்டூவர்ட், ஃபிலிப் ஒம்பிரெடான், தாமஸ் கிளைக்ஸ்னர், கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஆகியோர் இதில் இறங்கினார்கள். ஸ்கேனர் கருவிகளை ஓட்டி விடைகளை விரிதாளில் போட்டார்கள். கேட் ஸ்டூவர்ட் கோப்பு கோப்பாக ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தேகம் வந்த இடத்தில் வழக்கறிஞர்களைக் கேட்டார்கள். முடிவான பட்டியலைப் படித்துக் குறியீட்டைச் சேர்க்கும் வேலையை ஸ்கிரிப்ட் செய்தது.

2017 நவம்பர் ஆரம்பத்தில், 4.14 வெளிவருவதற்குப் பத்து நாள் முன்பு, முதல் பெரிய கமிட் உள்ளே போனது. உரிமமே எழுதப்படாத 11,139 கோப்புகளில் இரண்டாம் பதிப்பு என்ற ஒற்றை வரி. வெளியீடு கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது சேர்த்ததால், அடுத்த சுற்று வேலையை எல்லாரும் இதன் மேலிருந்தே தொடங்கினார்கள். 4.14 நீண்டகாலம் பராமரிக்கப்படும் பதிப்பாகவும் அமைந்தது. அதனால் பிற்காலத்துத் திருத்தங்களை அதற்குக் கொண்டுவரும்போது இந்த வரி குறுக்கே நிற்கவில்லை.

இங்கேதான் 'மதிப்பில்லாத மாற்றம்' என்ற பேச்சைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். பயனர் நிரல்களும் சேர்த்துக்கொள்கிற தலைப்புக் கோப்புகள் கெர்னலில் உண்டு. கெர்னலின் சேவையை அழைப்பதாலேயே ஒரு பயனர் நிரல் ஜிபிஎல்லுக்குக் கட்டுப்பட்டதாகிவிடாது என்று கெர்னலின் உரிமக் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தத் தலைப்புக் கோப்புகளில் வெறுமனே ஜிபிஎல் என்று எழுதிவிட்டால், அந்த விலக்கு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். அதனால் அவற்றுக்கு விலக்கையும் சேர்த்துச் சொல்லும் தனிக் குறியீடு போட்டார்கள். இயந்திரம் போடுகிற ஒற்றை வரிதான், ஆனால் அதில் ஒரு சொல் விட்டுப்போனால் அர்த்தமே மாறும். கருவியைத் தட்டிவிட்டு வருகிற பேட்சுக்கும் விரிதாளில் உட்கார்ந்து செய்த இந்த வேலைக்கும் உள்ள தூரம் அவ்ளோ.

ஒற்றை வரிக்கும் சண்டை வராமல் இல்லை. சி கோப்புகளில் குறியீட்டை இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்புரையாக முதல் வரியில் போடலாம் என்றார் லினஸ் டோர்வால்ட்ஸ். கெர்னலில் அதுவரை அந்த வகைக் குறிப்புரைக்கு மரியாதை கிடையாது. தலைப்புக் கோப்புகளில் மட்டும் பழைய நட்சத்திரக் குறி வகையே வைத்தார்கள். அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது: அந்தக் கோப்புகள் லிங்கர் ஸ்கிரிப்டுகளுக்குள்ளும் போகும், அங்கே இரட்டைச் சாய்கோடு புரியாமல் பில்ட் உடைந்தது. பத்தாயிரம் இடத்தில் ஒரே மாதிரி என்று கிளம்பினாலும், ஒரே மாதிரி இருக்க முடியாத இடம் ஒன்று எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

செய்யாமல் விட்ட மாற்றம்

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்து நடந்தது. 2017 கடைசியில், அதாவது கெர்னல் அத்தனை கோப்புகளையும் தொட்டு முடித்த சூடு ஆறுவதற்குள், எஸ்பிடிஎக்ஸ் தன் உரிமப் பட்டியலின் 3.0 பதிப்பை வெளியிட்டது. அதில் ஜிபிஎல் பெயர்கள் மாறிவிட்டன! வெறுமனே '2.0' என்றிருந்ததை '2.0 மட்டும்' என்று எழுத வேண்டும், கூட்டல் குறி போட்டிருந்ததை 'அல்லது பிந்தையது' என்று எழுத வேண்டும். பழைய பெயர்கள் கைவிடப்பட்டவை.

காரணம் நியாயமானதுதான். 'இரண்டாம் பதிப்பு மட்டுமா, அதற்குப் பிந்தையதும் சேர்த்தா' என்பது ஜிபிஎல்லில் பெரிய கேள்வி. கெர்னலுக்கு இரண்டாம் பதிப்பு மட்டுமே என்று லினஸ் 2000-லேயே உரிமக் கோப்பில் எழுதி வைத்திருந்தார். பெயரிலேயே அது தெளிவாக இருந்தால் நல்லது.

இப்போது என்ன செய்வது? பத்தாயிரம் கோப்புகளை மறுபடி திறப்பதா? செக்பேட்ச் ரசிகர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். கெர்னல் செய்யவில்லை. உரிமங்களுக்கான அடைவில் ஜிபிஎல் இரண்டாம் பதிப்புக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதில் செல்லுபடியாகும் பெயர்கள் என்று பழையதையும் புதியதையும் சேர்த்து எழுதினார்கள். இரண்டும் ஒன்றுதான், எதை எழுதினாலும் சரி. முடிஞ்சது. ஒரு கோப்பில் நாலு வரி எழுதினார்கள், பல்லாயிரம் கோப்புகள் தப்பித்தன.

இதை 2005 முகவரிக் கதையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டிலும் வெளியே எங்கோ ஒரு பெயர் மாறுகிறது, உள்ளே ஆயிரக்கணக்கான கோப்புகள் 'பழசு' ஆகின்றன. முகவரி மாறியபோது ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகத் தப்பானது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த ஆள் கிளம்பியது. குறியீடு மாறியபோது, 'பழசும் செல்லும்' என்று சொல்ல ஒரு மைய இடமும், சொல்ல அதிகாரம் உள்ள ஆளும் இருந்தார்கள்.

மிச்சமிருந்த கடினமான பாதி 2019-ல் நடந்தது. அறிவிப்பு ஏற்கெனவே இருக்கும் கோப்புகள். அந்தப் பதினைந்து வரியைத் தூக்கிவிட்டு ஒரு வரி வைக்க வேண்டும். ஆனால் இருபது முப்பது வருஷத்தில் ஒவ்வொருத்தரும் அந்த அறிவிப்பைத் தம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். தாமஸ் கிளைக்ஸ்னர் ஒரே மாதிரி வாசகங்களைக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விதி எண் கொடுத்து, விதிக்கு ஒரு பேட்ச் என்று அனுப்பினார். இன்ன வாசகம் இத்தனை கோப்பில் இருக்கிறது, அதற்குப் பதில் இன்ன குறியீடு என்று ஒவ்வொரு கமிட் செய்தியிலும் இருக்கும். இதற்கென்றே வைத்த தனி அஞ்சல் குழுவில் பல பேர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே உள்ளே போனது. 500-ஆம் எண் விதி ஒன்று மட்டுமே 4,122 கோப்புகளைத் தொட்டது. டெம்பிள் பிளேசும் மாஸ் அவென்யூவும் கெர்னலின் ஆயிரக்கணக்கான கோப்புகளை விட்டு வெளியேறியது இப்படித்தான், 5.2 பதிப்பில்.

மற்ற ஊர்களில்

டெபியனில் இதற்கு ஒரு எண்ணே வைத்திருக்கிறார்கள். ஒரே பிரச்சினைக்காகப் பத்துக்கு மேற்பட்ட பொதிகள் மேல் புகார் பதியப் போகிறாய் என்றால், முதலில் வளர்ச்சியாளர் அஞ்சல் குழுவில் சொல்லிவிட்டுச் செய் என்கிறது அவர்களுடைய வளர்ச்சியாளர் கையேடு. தடை இல்லை, முன் அறிவிப்புதான். பதினொன்றாவது புகாருக்கு முன்னால் 'இது தேவையா'ன்னு நாலு பேர் கேட்க ஒரு வாய்ப்பு. தேவை இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். தேவை என்றால் எப்படிச் செய்வது என்று யாராவது நல்ல வழி சொல்வார்கள்.

பைத்தான் உலகத்தில் ஜாங்கோ திட்டம் பிளாக் என்ற நடைத்திருத்தி வழியாக முழு நிரலையும் மாற்றி எழுதுவது என்று 2019-லேயே முடிவெடுத்துவிட்டது. ஆனால் உடனே செய்யவில்லை. பிளாக் அப்போது சோதனை நிலையில் இருந்தது. அதன் நடை மாறினால் ஜாங்கோவையும் மறுபடி மறுபடி மாற்ற வேண்டிவரும். 2022 ஜனவரியில் பிளாக் நிலையான பதிப்பு வந்தது, பிப்ரவரியில் ஜாங்கோ ஒரே மூச்சில் மாறியது. இரண்டரை வருஷத்துக்கும் மேல் காத்திருந்து ஒரே முறை செய்தார்கள். அதோடு தினசரி நடைச் சண்டையும் ஓய்ந்தது, இனி கருவி சொன்னதுதான் நடை.

வரலாறு மறைகிற பிரச்சினைக்கும் கருவி பக்கமிருந்தே தீர்வு வந்தது. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-ல், 'பிளேம்' பார்க்கும்போது இன்னின்ன கமிட்களைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு பட்டியல் கொடுக்க முடிந்தது. மொத்த மாற்றக் கமிட்டின் எண்ணை அந்தப் பட்டியலில் போட்டுவிட்டால், அதைத் தாண்டி உண்மையில் எழுதியவரைக் காட்ட முயலும். இது வேலை செய்ய வேண்டுமென்றால் மாற்றம் முழுக்க ஒன்றிரண்டு தனிக் கமிட்களில் இருக்க வேண்டும், வேறு எதையும் கலக்கக் கூடாது. மூன்று வருஷமாக நூறு பேர் துளித்துளியாக அனுப்பிய ஐந்நூறு திருத்தங்களை எந்தப் பட்டியலில் போடுவது?

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தேறின முயற்சிகளுக்குள் ஒரு ஒற்றுமை தெரிகிறது. மாற்றம் முழுசாக, ஒரே நேரத்தில், இயந்திரத்தால் நடந்திருக்கிறது. எதை எப்படி மாற்றினோம் என்று மற்றவர்கள் சரிபார்க்க முடிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்து கடைசி வரை பதில் சொல்ல ஆள் இருந்திருக்கிறார்கள். முடிந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கக் காவலும் இருந்திருக்கிறது. எஸ்பிடிஎக்ஸ் வரி இல்லாமல் புதுக் கோப்பு வந்தால் செக்பேட்ச் இன்றைக்குக் கேள்வி கேட்கும்.

தேறாதவற்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு: பாதியில் நிற்பது. நூறு கோப்பில் முப்பதைத் திருத்திவிட்டு ஆள் காணாமல் போனால், முன்பு ஒரே மாதிரி பழசாக இருந்தது இப்போது இரண்டு மாதிரியாக ஆகிவிடும். ஒழுங்குபடுத்தக் கிளம்பின வேலையே ஒழுங்கைக் கெடுத்துவிடும்.

அதனால் இப்படி ஒரு பேட்ச் அனுப்பும் முன் என்னைப் பொறுத்தவரை மூன்று கேள்வி போதும். இதைத் திருத்தினால் மறுபடி தப்பாகாமல் இருக்குமா? எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்க முடியுமா? முடியாதென்றால், 'பழசும் செல்லும்' என்று ஓர் இடத்தில் எழுதிவைத்தே பிரச்சினையைத் தீர்த்துவிட முடியுமா? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

2024-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஃபிராங்க்ளின் தெரு அலுவலகத்தையும் மூடிவிட்டது, ஊழியர்கள் அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே வேலை பார்க்கிறார்கள். ஆக, 2005-க்குப் பிறகு யார் யாரோ மெனக்கெட்டு 'சரி' செய்த கோப்புகள் எல்லாம் இப்போது மறுபடி தப்பு. கெர்னலில் அந்த ஒற்றை வரிக்கு மாறிவிட்ட கோப்புகளில் மட்டும் திருத்த ஒன்றுமே இல்லை.